தலைக்குள் ஓடும் காயல்



தாமிரபரணி ஆறு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்திருக்கும் புன்னைக்காயலை உங்களில் பலர் அறிவீர்கள். சில மாதங்களுக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவ்வூரில் காலைத் திருப்பலி முடிந்து கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நடுத்தர வயதுடைய ஒரு தாய் தயங்கித் தயங்கி என்னருகில் வந்தார். அவருடைய கணவர் வள்ளத்தில் தொழிலுக்குச் செல்பவர். தாயின் கையில், படப்பிடிப்பு நிலையங்களில் கொடுக்கும் பெரிய உறை ஒன்று இருந்தது. நெற்றியில் தைலம் பூசியிருந்தார்; காலை வெயிலைக் காண இயலாமல் கண்களைச் சுருக்கிக்கொண்டார்.

"ஐயா, ஆறு வருசமா தலைவலி. மாதத்துல இருபது நாளாவது இருக்கும். ஒரு ஜோடிக் கம்மலை அடகு வச்சு மூளைப் படம் எடுத்தோம். படத்துல ஒண்ணுமில்லன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. அன்னையிலேருந்து வீட்டுல எல்லாரும், 'உனக்கு ஒண்ணுமில்ல, வேலைக்குப் பயந்து நடிக்கிற'ன்னு சொல்றாங்க. படத்துல ஒண்ணுமில்லன்னா என் வலி பொய்யா ஐயா?"

நான் விடை கூறுவதற்குள் இன்னொன்றும் கேட்டார். வெளியூரில் கல்லூரியில் பயிலும் அவருடைய மகன், மூளையில் தேங்கும் கழிவு எவ்வாறு அகற்றப்படுகிறது என்பதைப் படமாகக் காட்டும் புதிய முறையொன்று வந்திருப்பதாகவும், தீராத் தலைவலிக்காரர்களை அம்முறையில் ஆராய்ந்து வருவதாகவும் எங்கோ படித்துத் தாயிடம் கூறியிருக்கிறான். "இருக்கிற இன்னொரு ஜோடியையும் அடகு வச்சு அந்தப் படத்தையும் எடுத்துப் பாத்துரட்டுமா?" என்பது அவருடைய இரண்டாவது கேள்வி.

இவ்விரு கேள்விகளும் அந்தத் தாய் ஒருவருக்கு மட்டும் உரியவை அல்ல. கர்நாடக மாநிலத்தில் பெங்களூரைச் சார்ந்த நகர்ப்புறங்களிலும் சிற்றூர்களிலும் வீடு வீடாகச் சென்று நடத்தப்பட்டு, 2015ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, ஓராண்டுக் காலத்துள் நூற்றுக்கு ஏறத்தாழ 64 பேர் தலைவலிக்கு ஆளாகின்றனர் என்றும், நூற்றுக்கு 25 பேர் ஒற்றைத் தலைவலி உடையவர் என்றும், நூற்றுக்கு 3 பேர் மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ தலைவலியால் துன்புறுகின்றனர் என்றும் கண்டது. நூறு குடும்பங்கள் உள்ள ஒரு பங்கில் இத்தகையோர் எத்தனை பேர் இருப்பர் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். ஆகவே அத்தாய்க்கு நான் கூறிய விடையைச் சற்று விரிவாக இம்மாதம் உங்கள் அனைவருக்கும் கூற விழைகிறேன்.

படம் எதைக் காட்டும்?

முதலில், நாம் பொதுவாக எடுக்கும் மூளைப் படம் எதைக் காட்டுகிறது என்பதைத் தெளிந்துகொள்வோம். சி.டி. எனப்படும் படம், உடலினூடே பல கோணங்களில் எக்ஸ்-கதிரைச் செலுத்தி, கிடைத்த நிழல்களையெல்லாம் கணக்கிட்டு ஓர் உருவாக அமைப்பது. மருத்துவத்தில் இது 1971ஆம் ஆண்டு இங்கிலாந்தில் முதன்முதலாகப் பயன்பட்டது. நிழல்களிலிருந்து உருவத்தை எளிதாகக் கணக்கிட்டுப் பெறும் வழியொன்றை அதே 1971இல் வெளியிட்டவர்கள் நம் நாட்டு அறிஞர்களான ஜி.என். இராமச்சந்திரனும் ஏ.வி. இலட்சுமிநாராயணனும் ஆவர். இராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக விளங்கியவர் என்பது நமக்குப் பெருமை தருவதாகும். இதற்குப் பின்னர் வந்த எம்.ஆர்.ஐ. படமோ எக்ஸ்-கதிரைப் பயன்படுத்துவதில்லை. வலிமை மிக்க காந்தத்தின் நடுவே நம்மைக் கிடத்தி, உடலிலுள்ள நீரின் அணுக்கள் எழுப்பும் நுண்ணிய அலைகளைக் கொண்டு அது படம் வரைகிறது.

இப்படங்கள் முதன்மையாகக் காட்டுவது மூளையின் அமைப்பை. கட்டி இருக்கிறதா, இரத்தம் கசிந்திருக்கிறதா, நீர் தேங்கியிருக்கிறதா, அடைப்பினால் ஒரு பகுதி பழுதுபட்டிருக்கிறதா என்பவற்றை அவை தெளிவாகக் காட்டும். 'ஒன்றுமில்லை' என்று எழுதப்பட்டிருந்தால், இத்தகைய கேடுகள் காணப்படவில்லை என்பதே பொருள். இது மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆயினும் 'வலியில்லை' என்று அந்தப் படம் கூறவில்லை. கூறவும் அதனால் இயலாது. ஒற்றைத் தலைவலி மூளையின் செயல் மாறுபாட்டால் விளைவது. ஓர் ஊரின் வரைபடத்தில் தெருக்களும் வீடுகளும் சரியாக இருக்கும். குழாயில் தண்ணீர் வருகிறதா என்பதை வரைபடம் காட்டுமோ?

நம் கடற்கரை மக்கள் அறிந்த எடுத்துக்காட்டு ஒன்றைக் கூறுகிறேன். தூத்துக்குடிக் கடலில் 1961ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. எனினும் சங்கு குளிப்பது நிற்கவில்லை. மூச்சை அடக்கி மீண்டும் மீண்டும் நெடுநேரம் மூழ்குவோருக்குச் சிற்சில வேளைகளில் கரையேறியதும் தலை வெடிப்பதுபோல் வலிக்கும். வெளிவிட வேண்டிய கரியமில வாயு இரத்தத்தில் மிகுந்து, மூளையின் இரத்தக் குழாய்களை விரியச் செய்வதே அதற்குக் காரணம். அப்போது படம் எடுத்தாலும் 'ஒன்றுமில்லை' என்றே வரக்கூடும். அதற்காகக் கடலில் மூழ்கி எழுந்தவனை நாம் நடிகன் என்போமா?

மூளைக்கு வடிகால் உண்டா?

இனி, அந்த மகன் படித்த செய்திக்கு வருவோம்.

நம் உடலின் ஏனைய உறுப்புகளில், உயிரணுக்களின் இடையே தேங்கும் கழிவுநீரை வாரிச் செல்வதற்கு நிணநீர்க் குழாய்கள் உண்டு. மூளையோ உடலின் எடையில் ஏறத்தாழ நூற்றில் இரண்டு பங்கே ஆயினும், உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைத் தானே செலவிடுகிறது. இத்துணை உழைக்கும் உறுப்பில் கழிவும் மிகுதியாகவே உண்டாகும். ஆயினும் மூளைத் திசுவினுள்ளே நிணநீர்க் குழாய்களைக் காணோம். அங்ஙனமாயின் கழிவு எவ்வழியே வெளியேறுகிறது? இக்கேள்வி நெடுங்காலம் விடுகதையாகவே இருந்தது.

2012ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கன் நெடர்கார்டு என்னும் அம்மையாரும் ஜெஃப்ரி இலிஃப் என்பவரும் அவர்தம் குழுவினரும் இதற்கு ஒரு விடையை முன்வைத்தனர். மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து தெளிந்த நீர் ஒன்று இருக்கிறது. அதன் அளவு ஏறக்குறைய 150 மில்லி லிட்டர். ஆனால் நாள் ஒன்றுக்குச் சுமார் 500 மில்லி லிட்டர் புதிதாகச் சுரக்கிறது. அதாவது, பழைய நீர் வெளியேறிப் புதுநீர் நிரம்புவது நாளுக்கு மூன்று முறைக்கு மேல் நிகழ்கிறது. இந்நீர், மூளைக்குள் நுழையும் நாடிகளைச் சுற்றி உறைபோல் அமைந்த மெல்லிய இடைவெளி வழியே உட்புகுகிறது; உயிரணுக்களின் இடையே பரவுகிறது; அங்குள்ள கழிவைச் சுமந்துகொண்டு, சிரைகளை ஒட்டிய வழியே வெளியேறுகிறது. நாடிகளைச் சூழ்ந்து நிற்கும் கிளியா என்னும் துணை உயிரணுக்களின் பாதங்களில் அக்குவாபோரின்-4 எனப்படும் நுண்ணிய நீர்வாயில்கள் உள்ளன. அவை இவ்வோட்டத்திற்குத் துணைபுரிகின்றன. கிளியா என்ற சொல்லையும் நிணநீர் மண்டலத்தின் ஆங்கிலப் பெயரையும் இணைத்து இதற்குக் 'கிளிம்பாட்டிக்' அமைப்பு என்று பெயரிட்டனர்.

புன்னைக்காயல் மக்களுக்கு இதனை விளக்குவது எளிது. ஊரின் பெயரிலேயே காயல் இருக்கிறதே! நாள்தோறும் இரு வேளை கடல் ஏறிக் காயலுக்குள் புகுகிறது. வற்றும்போது உள்ளிருக்கும் அழுக்கை இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிட்டால் நீர் நாறும், மீனும் மடியும். கடலின் ஏற்றமும் வற்றமும் காயலுக்குச் செய்வதை, மூளையில் இதயத் துடிப்பும் மூச்சும் செய்கின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் நாடி விரிந்து சுருங்கும்போது, அதனைச் சூழ்ந்த நீர் தள்ளப்படுகிறது.

இத்துணை இன்றியமையாத ஓட்டம் ஏன் இத்தனை காலம் கண்ணுக்குத் தப்பியது? உயிர் பிரிந்ததும் ஓட்டம் நின்றுவிடுகிறது; நாடிகளைச் சூழ்ந்த இடைவெளிகளும் ஒடுங்கிப்போகின்றன என்பதே முதன்மையான காரணம். சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்தினர் 2024ஆம் ஆண்டு, கருவிலிருக்கும் குழந்தையின் மூளையை 5,132 மெல்லிய சீவல்களாகப் படம்பிடித்துத் 'தரணி' என்ற பெயரில் உலகுக்கு வழங்கினர். உயிரணுக்களின் அமைப்பை இத்துணை நுட்பமாகக் காட்டும் அரும்பணி அது. ஆயினும் எத்துணை நுட்பமான சீவலிலும் அமைப்பைக் காணலாமேயன்றி ஓட்டத்தைக் காண இயலாது. ஓட்டத்தைக் காண வேண்டுமாயின் உயிருள்ள மூளையையே நோக்க வேண்டும். 2012ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பும், உயிருள்ள எலிகளின் மூளையில் ஒளிரும் சாயம் பரவுவதை உருப்பெருக்கிக் கருவியால் கண்டே நிறுவப்பட்டது.

இங்கே ஒரு வரலாற்றுச் செய்தியையும் சொல்ல வேண்டும். இத்தாலி நாட்டு உடற்கூற்று அறிஞர் பவுலோ மஸ்கானி, மூளையைப் போர்த்திய சவ்வில் நிணநீர்க் குழாய்கள் உண்டு என்று 1787ஆம் ஆண்டிலேயே எழுதினார். பிறர் கண்ணுக்கு அவை தென்படாமையால் அவர் கூற்றை எவரும் பொருட்படுத்தவில்லை. 2015ஆம் ஆண்டு அமெரிக்காவிலும் பின்லாந்திலும் இரு குழுவினர் தனித்தனியே ஆராய்ந்து, எலிகளின் மூளைச் சவ்வில் அக்குழாய்களைக் கண்டு காட்டினர். மனிதரிடத்தும் அவை இருப்பது பின்னர் தெளிவாயிற்று. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் 'கண்ணில் படவில்லை' என்பதற்காக 'இல்லை' என்று கூறிவந்தோம்! தன் வலியை எவரும் நம்பவில்லையே என்று கலங்கும் தாய்மாருக்கு இச்செய்தி ஆறுதல் அளிக்கட்டும்.

தலைவலிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஒற்றைத் தலைவலி உடையோருள் சிலருக்கு, வலி தொடங்குவதற்கு முன்னர்க் கண்முன் மின்னல் கோடுகள் தோன்றும். மூளையின் மேற்பரப்பில் ஒரு கிளர்ச்சி எழுந்து, அதன் பின்னே செயல் அடங்கும் ஓர் அலை மெல்லப் பரவுவதே அதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. இவ்வலையை 1944ஆம் ஆண்டு விலங்குகளிடத்துக் கண்டறிந்தவர் பிரேசில் நாட்டு அறிஞர் லியாவோ. இவ்வலை எலியின் மூளையில் பரவும்போது, இரத்தக் குழாய்களைச் சூழ்ந்த நீர்வழி சில நிமிடங்கள் மூடிக்கொள்கிறது என்று 2017ஆம் ஆண்டு பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் கண்டனர். முகத்துவாரம் தற்காலிகமாகத் தூர்ந்தது போன்ற நிலை இது. அவ்வலைக்குப் பின்னர் மூளையில் உண்டாகும் சில பொருள்கள் இந்நீரோடு கலந்து சென்று, முகத்துக்கும் தலைக்கும் வலியுணர்வு தரும் நரம்பின் முடிச்சை அடைந்து அதனைக் கிளர்ச்சியுறச் செய்கின்றன என்று 2024ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டு ஆய்வாளர்கள், இதுவும் எலிகளிடத்தே, கண்டனர்.

எலிகளிடம் கண்டவை மனிதரிடத்தும் உண்டா? மண்டையைத் திறந்து பார்க்க இயலாதே! அதனால்தான் எம்.ஆர்.ஐ. கருவியைக் கொண்டே இவ்வோட்டத்தை அறிய முயல்கின்றனர். அதற்கு இரு வழிகள் உண்டு.

முதலாவது, முதுகுத்தண்டில் ஊசி வழியே ஒரு சாயப் பொருளைச் செலுத்தி, அது மூளைக்குள் புகுவதையும் வெளியேறுவதையும் பல மணி நேரம் தொடர்ந்து படமெடுத்துக் காண்பது. நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில் இம்முறையைத் திறம்படக் கையாண்டு வருகின்றனர். ஓர் இரவு முழுவதும் உறங்காதவர்களின் மூளையிலிருந்து அச்சாயம் வெளியேறுவது தாமதப்படுகிறது என்றும், மறுநாள் இரவு உறங்கியும் அத்தாமதம் ஈடுசெய்யப்படவில்லை என்றும் 2021ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்டனர். நேரிடையாகக் காணும் முறையாயினும், தண்டுவடத்தில் ஊசி குத்துவதால் இதனை எல்லோருக்கும் செய்தல் இயலாது.

இரண்டாவது, ஊசியே இல்லாத முறை. ஜப்பான் நாட்டின் தவோகா என்பவரும் அவர்தம் குழுவினரும் 2017ஆம் ஆண்டு இதனை வகுத்தனர். மூளையின் நடுவே உள்ள நீரறைகளை ஒட்டிய ஒரு பகுதியில், நுண்ணிய சிரைகள் இடவலமாக ஓடுகின்றன. நரம்பு இழைகளோ மேல்கீழாகவும் முன்பின்னாகவும் ஓடுகின்றன. எனவே அங்கே நீரின் அணுக்கள் இடவலமாக நகர்வது பிற திசைகளைவிட எவ்வளவு மிகுதி என்று கணக்கிட்டால், குழாயை ஒட்டிய வழி எவ்வளவு தடையின்றி இருக்கிறது என்பதை ஊகிக்கலாம். அதனை ஓர் எண்ணாகத் தருகின்றனர். 'ஆல்ப்ஸ்' எண் என்பது அதன் பெயர். இத்தாயின் மகன் படித்தது பெரும்பாலும் இதனைப் பற்றியே இருக்க வேண்டும்.

மூன்று ஆய்வுகள், மூன்று விடைகள்

இந்த எண்ணைக் கொண்டு ஒற்றைத் தலைவலிக்காரர்களை ஆராய்ந்தவர்கள் கண்டது என்ன? 2022ஆம் ஆண்டு கொரிய நாட்டினர், நோயாளருக்கும் நலமுற்றோருக்கும் வேறுபாடு இல்லை என்றனர். 2023ஆம் ஆண்டு சீன நாட்டினர், தலைவலி நாள்பட்டதாக மாறியவர்களிடம் அவ்வெண் கூடியிருக்கிறது என்றனர். 2024ஆம் ஆண்டு தைவான் நாட்டினர், நாள்பட்ட ஒற்றைத் தலைவலி உடையோரிடம் அது குறைந்திருக்கிறது என்றும், மூளைச் சவ்வின் நிணநீர்க் குழாய்கள் வழியே வெளியேற்றமும் தாமதப்படுகிறது என்றும் கூறினர்.

வேறுபாடில்லை, கூடியது, குறைந்தது என்று ஒரே கேள்விக்கு மூன்று விடைகள்! இதனால் அறிவியல் பொய் என்று எவரும் எண்ண வேண்டுவதில்லை. ஒரு புதிய கருவி கைக்கு வந்தவுடன் இவ்வாறு நிகழ்வது இயல்பே. அவ்வெண் மூளையின் ஒரு சிறு பகுதியை மட்டுமே அளக்கிறது. ஓட்டத்தை நேரே அளக்காமல், நீரணுக்களின் நகர்வைக் கொண்டு ஊகிக்கிறது. அருகிலுள்ள நரம்பு இழைகளில் மாற்றம் இருந்தாலும் எண் மாறக்கூடும். நோயாளிகளின் வயது, உறக்கம், உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவையும் ஆய்வுக்கு ஆய்வு வேறுபடலாம். கழிவு தேங்குவதால் தலைவலி வருகிறதா, தலைவலியாலும் உறக்கக் கேட்டாலும் கழிவு தேங்குகிறதா என்பதையும் இப்படங்கள் தெரிவிப்பதில்லை.

உறக்கத்தைப் பற்றியும் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. உறக்கத்தில் எலியின் மூளையில் உயிரணுக்களுக்கு இடையேயுள்ள வெளி 60 விழுக்காடு அளவுக்கு விரிந்து, கழிவு விரைந்து அகலுகிறது என்று 2013ஆம் ஆண்டு ரோச்செஸ்டர் குழுவினர் கூறினர். இலண்டன் நகர ஆய்வாளர்களோ, உறக்கத்தில் அவ்வெளியேற்றம் குறைகிறது என்று 2024ஆம் ஆண்டு எலிகளைக் கொண்டே மறுத்துரைத்தனர். வாதம் இன்னும் நடைபெறுகிறது.

ஆகவே அத்தாயின் இரண்டாம் கேள்விக்கு நான் கூறிய விடை இதுவே: "அம்மா, கம்மலை அடகு வைக்க வேண்டாம். அந்தப் படம் ஆய்வாளருக்கு உரியது. இன்று நோயாளிக்கு உரியதன்று. அதில் எண் கூடி வந்தாலும் குறைந்து வந்தாலும் உமக்குத் தரும் மருத்துவம் மாறப்போவதில்லை." ஒரு சோதனையின் முடிவு மருத்துவத்தை மாற்றாது என்றால், அச்சோதனைக்காகக் கடன்படுவது அறிவுடைமை ஆகாது. மூளைக் கழிவை நீக்கித் தருகிறோம் என்று கூறி மருந்தோ மூலிகையோ விற்க வருவோரிடமும் இதே எச்சரிக்கை வேண்டும். அவ்வாறு மெய்ப்பிக்கப்பட்ட மருந்து எதுவும் இன்று இல்லை.

வீட்டில் செய்யத்தக்கவை

அப்படியாயின் அவருக்கு வழியே இல்லையா? நிரம்ப உண்டு. முதலில் ஒரு சிறு குறிப்பேட்டைக் கையில் எடுக்கச் சொன்னேன். நாள்தோறும் தலைவலி இருந்ததா, எத்தனை மணிக்கு உறங்கி எழுந்தார், எப்போது உண்டார், எத்தனை மாத்திரை விழுங்கினார் என்று மட்டும் குறித்துக்கொண்டு ஒரு மாதம் கழித்து வருமாறு கூறினேன்.

மாதம் கழித்து அவர் கொண்டுவந்த குறிப்பேடு, எந்தப் படமும் காட்டாத இரண்டு உண்மைகளைக் காட்டிற்று. ஒன்று, முப்பது நாட்களில் இருபத்து நான்கு நாட்கள் அவர் கடையில் வாங்கிய வலி மாத்திரை உண்டிருந்தார். சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ மூன்று திங்களுக்கு மேலாக உண்டுவந்தால், அம்மாத்திரையே தலைவலியை வளர்க்கும் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த உண்மை. பல மருந்துகள் கலந்த மாத்திரையாயின் 10 நாட்களே போதும். இரண்டாவது, கணவர் தொழிலுக்குப் புறப்படும் நாட்களில் அவர் நள்ளிரவுக்குப் பின் எழுந்து உணவு கட்டித் தந்துவிட்டு, பின்னர் உறங்குவதே இல்லை; காற்று வீசினால் கடலை நினைத்துக்கொண்டே விடியும் வரை அமர்ந்திருப்பார். காலையில் வெறும் காப்பியோடு நண்பகல் வரை வேலை.

தக்க மருத்துவரின் மேற்பார்வையில் வலி மாத்திரையை நிறுத்த ஏற்பாடாயிற்று. நிறுத்திய முதல் இரண்டு வாரங்கள் வலி மிகும் என்பதை முன்னரே அவருக்கும் குடும்பத்தார்க்கும் கூறிவைத்தோம். வலி வந்தபின் உண்பதற்கன்றி, வராமல் தடுப்பதற்காக நாள்தோறும் உண்ணும் மருந்துகள் உண்டு. விலை குறைந்தவையும் அவற்றுள் உள்ளன. அவற்றுள் ஒன்றை மருத்துவர் எழுதித் தந்தார்.

உறக்கத்தைப் பொறுத்தவரை, கழிவகற்றும் வாதம் எவ்வாறு முடிந்தாலும், உறக்கம் கெட்டால் ஒற்றைத் தலைவலி மிகும் என்பதில் ஐயமில்லை. நாள்தோறும் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுவது நன்று. இடையே எழ நேர்ந்தால் மீண்டும் படுத்து உறங்க வீட்டார் இடம்தர வேண்டும். வேளைக்கு உணவும், வெயிலில் உழைப்போர்க்குப் போதிய தண்ணீரும், நாள்தோறும் சிறிது நடையும் வேண்டும். உரக்கக் குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று திணறி, காலையில் தலைவலியோடு எழுவோர் அதனை மருத்துவரிடம் தவறாது கூற வேண்டும். அதற்குத் தனி மருத்துவம் உண்டு. தூக்க மாத்திரையைத் தாமே வாங்கி உண்பது தகாது. அத்தகைய மாத்திரை ஒன்று, உறக்கத்தில் நீரோட்டத்தைத் தள்ளும் மென்மையான அலைகளைக் குறைக்கிறது என்று 2025ஆம் ஆண்டு எலிகளிடத்து நடந்த ஆய்வு ஒன்று கண்டுள்ளது. மனிதருக்கு இது இன்னும் உறுதிப்படவில்லை எனினும், இயற்கை உறக்கத்திற்கு மாத்திரை ஈடாகாது என்பதை நினைவிற்கொள்வோம்.

எப்போது விரைந்து செல்ல வேண்டும்?

படமே வேண்டாம் என்று நான் கூறுவதாக எவரும் எண்ணிவிடக் கூடாது. இடி விழுந்தாற்போல் ஒரு நொடியில் எழும் கடுந்தலைவலி. காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் வரும் தலைவலி. கைகால் தளர்வு, பேச்சுக் குழறல், வலிப்பு, பார்வை மங்கல் ஆகியவற்றோடு வருவது. தலையில் அடிபட்ட பின் வருவது. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குவது. கருவுற்ற தாய்மாருக்கும் பிள்ளை பெற்றோருக்கும் புதிதாக வருவது. நாளுக்கு நாள் மிகுந்து காலையில் வாந்தியோடு எழுப்புவது — இவற்றுள் எது தோன்றினும் தைலம் பூசிக்கொண்டு காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். அப்போது எடுக்கும் படம் உயிரைக் காக்கும்.

வலியை நம்புவோம்

பதினாறாம் நூற்றாண்டில் புன்னைக்காயலில் பணியாற்றிய அண்டிரிக் அடிகளார் எனப்படும் ஹென்றிக் ஹென்றிக்கஸ், 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் தமிழ் எழுத்தில் நூல் அச்சிட்டவர் என்பதை நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அச்சிடுவதற்கு முன்னர் அவர் ஆண்டுக்கணக்கில் செய்தது, இக்கடற்கரை மக்கள் பேசுவதைச் செவிசாய்த்துக் கேட்டு அவர்கள் மொழியைக் கற்றது. தலைவலிக்கான மருத்துவமும் அங்கேதான் தொடங்குகிறது. ஒற்றைத் தலைவலியை உறுதிப்படுத்தும் படமோ இரத்தச் சோதனையோ இன்றுவரை இல்லை. நோயாளி கூறும் வரலாற்றைப் பொறுமையாகக் கேட்டே மருத்துவர் அதனை முடிவு செய்கிறார். 'எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது, ஒளி கூசுகிறதா, வாந்தி வருகிறதா' என்ற கேள்விகளுக்கு அவர் தரும் விடையே இந்நோயின் சான்று. அச்சான்றைப் பொய் என்று வீட்டார் தள்ளிவிட்டால் வேறு சான்றுக்கு எங்கே போவது?

நான்கு மாதங்களுக்குப் பிறகு அத்தாயை மீண்டும் கண்டேன். தலைவலி முற்றிலும் நீங்கிவிடவில்லை. இருபதுக்கு மேலிருந்த நாட்கள் எட்டாகக் குறைந்திருந்தன. கம்மல் காதிலேயே இருந்தது. "இப்பல்லாம் வலி வந்தா மாமியே சன்னலைச் சாத்தி, பிள்ளைகளை வெளிய கூட்டிட்டுப் போயிருறாங்க ஐயா" என்றார். படம் எடுத்த நாள்முதல் 'நடிப்பு' என்று கூறிவந்த அதே மாமியார்தாம்.

மூளையின் நீரோட்டத்தைக் காட்டும் படங்கள் நாளடைவில் செம்மையுறும். இன்று மூன்றாக நிற்கும் விடைகள் ஒருநாள் ஒன்றாகலாம். அதிலிருந்து புதிய மருந்தும் பிறக்கலாம். அறிஞர்கள் தம் பணியைச் செய்யட்டும். அதுவரை நம் இல்லங்களில் நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அடுத்த முறை வீட்டில் ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு அமரும்போது, "படத்தில்தான் ஒன்றுமில்லையே" என்று சொல்லாதிருப்போம். விளக்கை அணைத்து, ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்து, சிறிது நேரம் உறங்க விடுவோம்.